குறை சொல்லியே விற்ற வீடு

ஜெரோலமோ த்ராவெர்சோவுக்கு மட்டும் நாக்கு இல்லாமல் இருந்திருந்தால், எங்கள் ஜெனோவா நகரத்திலேயே சட்டென்று விலைபோயிருக்கக்கூடிய வீடு அவருடையதுதான். வீடு விற்றுக் கொடுப்பது என் தொழில். வாங்க வருகிறவன் குறை சொல்வான், விற்கிறவன் பெருமையடிப்பான், இனெஸ் ஆகிய நான் நடுவில் நின்று இருவரையும் சமாளிப்பேன். காலங்காலமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. விற்கிற மனிதரே வாசலில் நின்று குறை சொன்னால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்து முழுக்கப் படிக்கட்டு. ஏறி வந்து, கட்டிடத்துக்குள்ளும் ஒரு மாடி ஏறினால்தான் வாசற்கதவு. உள்ளே சமையலறை, சாப்பாட்டு அறை, ஒரு படுக்கையறை. அதற்கு மேல் ஒரு தளம், அதற்கும் மேல் இன்னொரு தளம், எல்லாம் ஒரே வீடு. குழந்தைகள் சைக்கிள் ஓட்டலாம், அவ்வளவு விசாலமான அறைகள். மலையில் முதுகைச் சாய்த்துக் கட்டிய கட்டிடம் என்பதால், மூன்றாவது தளத்தின் பின்கதவைத் திறந்தால் கால் மண்ணில் படும். சுற்றிலும் மதில், எலுமிச்சை, திராட்சைப் பந்தல், பாத்தி பாத்தியாகப் பேசில் என்கிற எங்கள் ஊர்த் துளசி. கீழே துறைமுகம் மொத்தமும் தெரியும். அந்த வீட்டைத் தவிர அந்தத் தோட்டத்துக்கு வேறு வழியே கிடையாது.

இவ்வளவும் பரம்பரைச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். ஜெரோலமோ துறைமுகத்து இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். மனைவி நீவெஸ் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர். கல்யாணமான புதிதில் கீழ்த்தளம் மட்டும்தான் இருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் அர்ஜென்டினாவுக்குப் போனபோது அதை வாங்கினார்கள். உச்சித் தளத்துக்கு, போரில் குண்டு விழுந்து கூரையே இல்லை, சீந்த ஆளில்லாமல் கிடந்ததை இவர்களே வாங்கிக் கூரை போட்டார்கள். பின்னால் மலையளவு இடிபாடு. ஜெரோலமோ வேலை முடிந்து வந்து கல்லைக் கூடையில் சுமந்து இறக்குவார், திரும்பும்போது அதே கூடையில் மண்ணைச் சுமந்து ஏறுவார். நட்டதும் வளர்த்ததும் நீவெஸ். அந்த எலுமிச்சைக்கும் அவர்கள் மகனுக்கும் ஒரே வயது. மகன் தொலைவில் த்ரியெஸ்தெ நகரத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கூப்பிடுவான்.

இரண்டு வருடத்துக்கு முன் நீவெஸுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, ஆனால் சரியாகச் சேரவில்லை. சமதரை என்றால் கைத்தடியை ஊன்றி நன்றாகவே நடப்பார். படி என்றால் ஒன்றுகூட முடியாது. கீழே சந்துப் படி, மேலே வீட்டுப் படி. நடுவில் மூன்று அறைக்குள் மனுஷி அடைந்து கிடந்தார். கடற்கரையை ஒட்டிய ஃபோச்சே பகுதியில், தெருவும் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கிற சின்ன வீடு ஒன்றை நான் பார்த்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் நடைபாதை, நேரே நடந்தால் கடல். அதன் சொந்தக்காரி ஜூன் மாதக் கடைசியில் வருகிற புனித ஜொவான்னி திருநாள்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அதைத் தாண்டினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாள். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு, அந்த வீடு கிடைத்தால்தான் நீவெஸ் வெளியே காலெடுத்து வைக்க முடியும்.

இது ஜெரோலமோவுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். மிலானிலிருந்து ஒரு தம்பதியைக் கூட்டி வந்தேன். பின்கதவைத் திறந்ததும் அந்தப் பெண் ஐயோ எவ்வளவு அழகு என்று கூவினாள். சாவியைக் கையில் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்த அதே நொடியில் இவர் ஆரம்பித்தார். மண்ணெல்லாம் நத்தை, எலுமிச்சை நோயில் செத்துக்கொண்டிருக்கிறது, மழைக்கு மதில் தாங்காது, மத்தியானத்துக்கு மேல் வெயிலே வராது. அதையும் சாதாரணமாகச் சொன்னாரா? செவிடர்களிடம் பேசுவதுபோல் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். அவர்கள் சிரித்த முகமாக இறங்கிப் போனார்கள், அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை. அடுத்து ஒரு பல் டாக்டர் வந்தார், அவருக்கும் இதே கச்சேரி.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குறை சொல்வது மூச்சு விடுவது மாதிரி. அந்தக் காலத்தில் எங்கள் மாலுமிகள், முணுமுணுக்க விடுவீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்களாம், அதற்காகச் சம்பளத்தைக் குறைத்தாலும் சரி என்பார்களாம். அதனால் இதுவும் அந்த வியாதிதான் என்று நினைத்தேன். ஆட்கள் வரும்போது காபிக் கடையில் போய் உட்காருங்கள் என்று கெஞ்சினேன், மிரட்டியும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. விளம்பரத்தில் தோட்டம் என்று போடக்கூடாது, பின்பக்கம் காலி இடம் என்று போட்டால் போதும், அந்தத் தாளையும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்றார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். நான் இறங்கி வரும்போதெல்லாம் நீவெஸ் மேலே எப்படி இருக்கிறது என்று என்னைத்தான் கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, என்ன இருக்கும், குப்பைதான் என்பார்.

திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தூல்லியோ வந்தான். பகலில் பஸ் டிப்போவில் மெக்கானிக், சாயங்காலம் ஆம்புலன்ஸில் சம்பளமில்லாத தொண்டு. மூன்று பிள்ளைகள், இரண்டு அறை வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் படுக்கிறார்கள். அசல் எங்கள் ஊர்க்காரன். சந்து செங்குத்தாக இருக்கிறது, கதவு கிறீச்சிடுகிறது என்று வாசலுக்கு வருவதற்குள் குறை சொல்லிவிட்டான். குறைக்கு மிரளாத ஆள் என்று எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவனும் ஜெரோலமோவும் போட்டி போட்டுக்கொண்டு நொட்டை சொல்லியபடி படி ஏறினார்கள். குழாயைப் பார்த்து இவன் ஒன்று சொன்னால், ஜன்னலைக் காட்டி அவர் இரண்டு சொன்னார்.

பின்கதவு திறந்ததும் தூல்லியோ பேச்சை நிறுத்திவிட்டான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு எலுமிச்சை மரத்தடி வரைக்கும் போனான். இப்படி ஒரு தோட்டம் ஊருக்கு நடுவில் இருக்கிறதா என்று உரக்கவே கேட்டான். ஜெரோலமோ உடனே படிக்கட்டைப் பார்த்துத் திரும்பி, மரம் செத்தாச்சு, வேரோடு அழுகியாச்சு என்று கத்தத் தொடங்கினார். தூல்லியோ ஒரு கிளையை வளைத்துப் பிடித்தான். கொத்தாக ஏழெட்டுக் காய்.

"என்ன பெரியவரே, கண்ணு முன்னாடி காய்ச்சுத் தொங்குது, செத்துப் போச்சுங்கறீங்க?"

ஜெரோலமோ பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவாப் பேசுப்பா. கீழ அவ காதுல விழும்."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நீவெஸ் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்த நாளிலிருந்து, தோட்டம் பாழாகிவிட்டது என்று இவர் சொல்லி வந்திருக்கிறார். முதலில் பேசில் கருகியது, பிறகு பந்தல் சாய்ந்தது, கடைசியில் எலுமிச்சைக்கு நோய். காயைப் பறித்துக் கீழே கொண்டுபோய், சந்தையில் வாங்கினேன் என்று கொடுத்திருக்கிறார். விடியற்காலையில் எழுந்து, செத்துப்போன தோட்டத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"இல்லாத ஒண்ணுக்கு யாரும் ஏங்க மாட்டாங்கல்ல, அதான்," என்றார் என்னிடம்.

இத்தனை மாதம் அவரைத் திட்டித் தீர்த்தவள் நான். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கீழேயிருந்து நீவெஸின் குரல் வந்தது. சத்தம் போடாமலே மூன்று மாடிக்கும் கேட்கிற குரல் அது. வந்தவரையும் கூட்டிக்கொண்டு கீழே வரச் சொன்னார். போனோம். சாப்பாட்டு மேசையில் பேசில் இலை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலம் பூரா அடுத்தவங்க குரலைக் கேட்டே சம்பளம் வாங்குனவ நான். உன் குரல் எனக்குத் தெரியாதா, ஜெரோ?" என்றார். "சந்தை எலுமிச்சைல இலையும் காம்பும் பச்சுனு இருக்குமா? பூக்குற மாசத்துல இந்தப் படிக்கட்டு பூரா மணக்குது. எனக்கு இடுப்புதான் ஒடஞ்சுது, மூக்கு ஒடையல."

ஜெரோலமோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று தலை நிமிராமலே கேட்டார்.

"சொன்னா, வா தூக்கிட்டுப் போறேன்னு நிப்ப. உன் முதுகு இருக்கற லட்சணத்துக்கு ரெண்டு பேரும் உருண்டு விழுவோம். சரி, பொய் சொல்றதுல உனக்கு ஒரு நிம்மதின்னா சொல்லிட்டுப் போயேன்னு விட்டுட்டேன்."

பிறகு தூல்லியோவைப் பார்த்து, "தோட்டம் நல்ல தோட்டம், தம்பி. இவர் சொன்னதுல நத்தை மட்டும் நெஜம்," என்றார்.

தூல்லியோ விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நிமிஷம் என்று வெளியே போனவன், அரை மணி கழித்து ஒரு கூட்டாளியோடு வந்தான். நோயாளிகளைப் படியில் இறக்குவார்களே, பட்டை வைத்த நாற்காலி, அது கையில் இருந்தது. நீவெஸ் ஒப்பவில்லை. நான் என்ன பியானோவா, ஏற்றி இறக்க என்று சண்டை பிடித்தார்.

"ஊரு பூரா எல்லாரையும் இறக்கித்தாம்மா எங்களுக்குப் பழக்கம். ஒரு ஆளையாவது மேல ஏத்திப் பாக்கறோமே," என்றான் தூல்லியோ. அவர் பட்டையைத் தானே இழுத்து மாட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஜெரோலமோ முன்னால் நின்று, பிடி சரியில்லை, சாய்க்கிறாய், சுவரில் இடிக்கிறாய் என்று அவர்கள் உயிரை வாங்கினார். தோட்டத்தில் பந்தலுக்குக் கீழே நாற்காலியை வைத்தார்கள். நீவெஸ் சுற்றிலும் பார்த்தார். பாத்தியைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், எலுமிச்சையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெரோலமோ தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார்.

"கிளைய ரொம்பக் கழிச்சிட்ட," என்றார் நீவெஸ். "எலுமிச்சைக்கு அது ஆகாது."

"நான்தான் சொன்னேன்ல, மோசமா இருக்குன்னு," என்று சொன்ன ஜெரோலமோ அப்படியே அழுதுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் துறைமுகத்தில் கப்பல் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டோம். என் கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் தூல்லியோ மனைவியைக் கூட்டி வந்து வெட்கமே இல்லாமல் பேரம் பேசினான். ஜெரோலமோவும் சளைக்கவில்லை. இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறையாகப் பேசி, திருநாளுக்கு முந்தின நாள் முன்பணம் கைமாறியது. அன்றே ஃபோச்சே வீட்டையும் பேசி முடித்துவிட்டேன். தோட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லி அனுப்புங்கள், நாற்காலி வரும் என்று தூல்லியோ நீவெஸிடம் சொல்லியிருந்தான்.

அக்டோபரில் ஒரு நாள் சூடான ஃபொக்காச்சா ரொட்டி வாங்கிக்கொண்டு ஃபோச்சே பக்கம் போனேன். ஜெரோலமோதான் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். கடல் ராத்திரியெல்லாம் இரைகிறது, உப்புக் காற்றில் ஜன்னல் துருப்பிடிக்கிறது, இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கொள்ளைக்காரர்கள். நான் ரொட்டியைப் பிரித்துக்கொண்டே நீவெஸ் எங்கே என்று கேட்டேன்.

"அவளா? எப்பப் பாத்தாலும் வெளியிலதான். காலைல தடிய எடுத்துட்டுப் போனா சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரா. எங்க போறேன்னு சொல்றதுகூட இல்ல."

மற்ற குறைகளை எல்லாம் ஒரு தடவை சொன்னவர், இதை மட்டும் நான் கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.