தம்பிக்குக் கோத்த ஜெபமாலை

எனக்கு வாய் நீளம். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய்தான் போன நவம்பரில் என் தம்பியைக் கொல்லப் பார்த்தது என்று இன்றும் நம்புகிறேன். பங்குச் சாமியாரிடம் சொன்னேன், சிரித்தார். அவருக்கென்ன, கோத்தது அவர் கையா?

ஜெபமாலையை நான் கடையில் வாங்குவதில்லை. மர மணியும் மெழுகு தடவிய நூலும் வாங்கிவந்து நானே கோப்பேன். ஒரு மணி, ஒரு முடிச்சு, ஒரு ஜெபம். முடிச்சு இறுகும்போது ஜெபமும் முடிய வேண்டும். நான் வைத்து ஜெபிக்கிற மாலை என்றால் ‘அருள் நிறைந்த மரியே.’ எங்கள் பங்கில் யாராவது இறந்தால், பெட்டியில் வைக்குமுன் இரண்டு கையையும் சேர்த்து ஜெபமாலையால் சுற்றுவோம். அதற்கும் என்னிடம்தான் வருவார்கள். அந்த மாலைக்கு மட்டும் மணிக்கு மணி ‘நித்திய இளைப்பாற்றி’ சொல்வேன். இறந்தவர்களுக்கான ஜெபம் அது. யாரும் சொல்லித் தரவில்லை, நானாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அந்த நவம்பரில் அடுத்தடுத்து நான்கு சாவு. நான்கு மாலை கோத்தேன்.

ஐந்தாவதாகக் கோக்க உட்கார்ந்தது தம்பிக்கு. லோடு வண்டி ஓட்டுகிறவன். குடித்துவிட்டு ஓட்டாதேடா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே! ஒருநாள் ஆத்திரத்தில், “நீ ரோட்டுலதான்டா சாவப் போற, போய்த் தொலை” என்று வாசலில் நின்று கத்தியும் விட்டேன். அடுத்த வாரமே விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் சொருகினான். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. நாளைக்குள் நினைவு வராவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அங்கே கூட இருந்தார். தம்பி மனைவி குளித்துவிட்டுப் போக என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் திரும்புவதற்குள் மாலையை முடித்து, அவன் தலையணைக்குக் கீழே வைக்கக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று எனக்கு அவசரம்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். வெளியே சுள்ளென்று வெயில். பத்துப் பத்தாக ஐந்து வரிசை கோக்க வேண்டும். கை தன்பாட்டுக்குக் கோத்தது, மனசு ஆஸ்பத்திரியில் கிடந்தது. மூன்றாவது பத்துக்கு வந்துவிட்டேன். தலை துவட்டிக்கொண்டே வந்த தம்பி மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணி, யாருக்குச் சொல்லிக்கினு இருக்கீங்க?”

“உன் புருஷனுக்குத்தான். வேற யாருக்கு?”

“நித்திய இளைப்பாற்றின்னு இல்ல சொல்றீங்க!”

அடிப் பாவி என்று திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் நான் பாதியில் நிறுத்திய ஜெபம் எனக்கே உறைத்தது. எந்த மணியில் மாறினேன்? போன மணியிலா, முதல் மணியிலேயேவா? ஒன்றும் நினைவில்லை. மாலை மடியில் கிடந்தது. உயிரோடு இருப்பவனுக்குக் கோத்ததா, பெட்டிக்குக் கோத்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடிச்செல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன.

“அவுத்துடுங்க அண்ணி! ஜல்தி அவுத்துடுங்க!” என்று அவள் அலறினாள்.

மெழுகு நூல் முடிச்சு அவிழுமா? நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு முடிச்சாக வெட்டினேன். மணிகள் தரையெங்கும் ஓடின. கடைசி மணி உருண்டு நிற்பதற்குள் போன் அடித்தது. எடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியமில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

என் வீட்டுக்காரர்தான். “கண்ணு தொறந்துட்டான்! மூணு மணிலேர்ந்து ஒரே பேஜாரு. நெனவு இல்லாமலே மூக்குல இருக்கிற குழாயைப் புடுங்கறான்னு ரெண்டு கையையும் சேர்த்துக் கட்டிட்டாங்க. இப்பத்தான் அவுத்தாங்க. அவுத்ததும் முழிச்சிக்கினான்.”

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மூன்று மணி என்றாரே, அதிலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் விழுப்புரம் போகும்வரை, தற்செயல், எல்லாம் தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்ததை அவனிடம் மூச்சுவிடவில்லை என்று தம்பி மனைவி சத்தியம் செய்தாள். அவள் டீ வாங்கப் போகட்டும் என்று காத்திருந்தவன் போல அவன் வாயைத் திறந்தான்.

“அக்கா, நேத்து நீ இங்க வந்திருந்தியா?”

“இல்லடா. வீட்லதான் இருந்தேன்.”

“உன் குரலு கேட்டுச்சு. காதுகிட்ட உக்காந்துக்கினு நித்திய இளைப்பாற்றி சொல்லிக்கினே இருந்த. நான் சாவலக்கா, சாவலக்கான்னு கத்தறேன், நீ நிறுத்தவே இல்ல. கையைத் தூக்கலாம்னா கை வரல.”

கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். “தெரியாம வந்துடுச்சுடா, கண்ணு. நாலு சாவுக்குச் சொல்லிச் சொல்லி அதே வந்துடுச்சு.”

அவன் என்னையே பார்த்தான்.

“நெசமாவே தெரியாமத்தான் வந்துதா?”

ஆமாம் என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் இவன் போய்ச் சேர்ந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்று நானும் ஒருநாள் நினைத்திருக்கிறேன். நான் யோசித்த அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.