கழுவிவைத்த கிணறு

வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்றால் முதலில் என்ன செய்வீர்கள்? கூட்டுவீர்கள், துடைப்பீர்கள். சலவைக்கடை அக்கா செய்ததும் அதுதான். அதற்குத்தான் இன்று தண்டனை அனுபவிக்கிறார்.

அவருக்குக் கடையும் வீடும் ஒன்றே. முன்னால் இஸ்திரி மேசை, நடுவில் துணி மூட்டைகள், பின்னால் கிணறு. கணவர் போன பிறகு அந்தக் கிணற்றை நம்பித்தான் மகளை ஆளாக்கினார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. மூடும்போது பம்புகளைக் கழற்றி விற்றார்கள். பூமிக்குள் இருந்த இரும்புத் தொட்டியை அப்படியே விட்டு மேலே கான்கிரீட் போட்டார்கள். இரும்பு துருப்பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் சட்டையை முகர்ந்து பார்த்தார். "என்னக்கா, பெட்ரோல்லயே துவைச்சீங்களா? பீடி பத்த வச்சா நானும் சேர்ந்து பத்திக்குவேன் போலிருக்கே!"

அக்காவும் சிரித்தார். கர்ப்பிணியான மகள் வாயில் வைத்த தண்ணீரைத் துப்பிய அன்று சிரிப்பு நின்றது.

நகராட்சியில் குழாய் இணைப்பு கேட்டார். கிணறு கெட்டுவிட்டது என்று அறிக்கை வேண்டும் என்றார்கள். பங்க் மேல் புகார் கொடுத்து, நடையாய் நடந்து, சோதனைக்கு ஆள் வர ஒரு தேதி வாங்கினார்.

வந்தவர் மண்ணையும் நீரையும் சோதிப்பவர். முதலில் கிணற்று நீரைப் பார்ப்பார்கள். அதில் எண்ணெய் இருந்தால்தான் பங்க் தரையைத் துளைத்து மண் எடுக்கலாம். அவர் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி மூடிக்கொண்டு போனார்.

மாசு இல்லை என்று முடிவு வந்தது. குழாய் இணைப்பும் தரையைத் துளைக்கும் பேச்சும் அதோடு போயின.

பங்க் முதலாளி கடை வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, நல்ல தண்ணிய வச்சுக்கிட்டா என் மேல சேத்தை வாரி இறைச்சீங்க?"

சோதித்தவருக்கு மனம் ஒப்பவில்லை. திரும்பி வந்தார். "அக்கா, கிணத்துல ஏதாச்சும் பண்ணீங்களா?"

"ஆபீஸ்ல இருந்து வர்றீங்க தம்பி, பாசியும் எண்ணெயுமா காட்ட முடியுமா? மோட்டார் போட்டு முழுசா இறைச்சு, சுவரெல்லாம் தேய்ச்சுக் கழுவினேன். நீங்க வர்றதுக்குள்ள தண்ணி ஊறல. வெறுங்கிணத்தைக் காட்டினா கேவலமா இருக்குமேன்னு லாரித் தண்ணி வாங்கி ஊத்தினேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்போ நான் எடுத்துட்டுப் போனது லாரித் தண்ணியாக்கா?"

"தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?"

மறுசோதனை வேண்டும் என்று அலுவலகத்தில் சோதித்தவரே கேட்டுப் பார்த்தார். முடித்த புகாரை மறுபடி திறக்க மாட்டார்களாம். வேறொருவர் புதிதாகக் கொடுத்தால் வருவார்களாம்.

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது. ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விஷயம் வெளியே போனால் வீட்டு விலை விழுந்துவிடுமாம். "எல்லாம் விதிக்கா" என்று மட்டும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். விதியா தொட்டியைப் புதைத்தது? விதியா கான்கிரீட் போட்டது? போட்டவருக்குப் பெயர் இருக்கிறது, காரும் இருக்கிறது.

லாரித் தண்ணீர் தீர்ந்து, கிணற்றில் பழைய நீரே ஊறிவிட்டது. மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. மகள் அதைக் காய்ச்சிக் குடிக்கிறாள். காய்ச்சினால் கிருமி சாகும். தொட்டியிலிருந்து கசிந்த நஞ்சை நம்பிக்கையா வடிகட்டும்?

நீங்கள் அந்தத் தெருக்காரராக இருந்தாலும் சரி, மூடிய பங்க் உள்ள வேறு தெருவில் இருந்தாலும் சரி, ஆள் வந்து நீர் எடுக்கும்வரை உங்கள் கிணற்றைக் கழுவாதீர்கள். இருக்கிற அழுக்கோடு காட்டுங்கள். தரைக்கடியில் உள்ள தொட்டியைத் தோண்டச் சொல்லி உங்கள் பெயரில் புகார் கொடுங்கள். அந்தக் குழந்தை பிறப்பதற்குள் கொடுங்கள்.