சிறுமலைக்கு நான் போகாத பயணம்

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஹைஸ்கூல் வாத்தியார். சரஸ்வதி பூஜை லீவில் சிறுமலை ரிசர்வ் காட்டுக்குப் போய், கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்குவது என்று அவரும், கூட வேலை பார்த்த நண்பரும் திட்டம் போட்டார்கள்.

நான் பிறந்தது அலங்காநல்லூர் பக்கம். வயலில் நிமிர்ந்தால் சிறுமலைதான் தெரியும். அங்கிருந்து வருகிற வாழைப்பழத்தைத் தின்றிருக்கிறேனே தவிர, மலையில் கால் வைத்ததில்லை. திட்டம் அவர்களுடையது, ஆசை முழுக்க என்னுடையது. பள்ளிக்கூடத்துச் சாரணர் கூடாரம், மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை, அரிக்கேன் விளக்கு, புளிக்காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் பூசலாம் என்று சொன்னதே நான்தான். வாத்தியார்கள் இரண்டு பேருக்கும் அட்டை நினைப்பே இல்லை!

ஒரு சாயங்காலம், காட்டில் தங்க அனுமதி கேட்டு ரேஞ்சருக்கு மனு எழுத உட்கார்ந்தார்கள். தன் சம்சாரமும் வருவதாக நண்பர் சொன்னார். என் கணவர் உடனே என் பக்கம் திரும்பினார்.

"நீயும் வாரியா?"

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"நான் எதுக்குங்க? நீங்க போய்ட்டு வாங்க."

எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி. பாயசம் ஊற்ற வந்தாலும் முதலில் 'போதும்' என்று இலையை மறைப்போம். ஊற்றுகிறவர் இன்னொரு தடவை வற்புறுத்த வேண்டும். அதிலும் வேற்று ஆண்பிள்ளை முன்னால் 'வாரேன்' என்று குதித்தால் என்ன நினைப்பார்கள்? அவர் மறுபடி கேட்பார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, அப்ப மூணு பேருதான்" என்று எழுதிவிட்டார். பாவம், தாயில்லாமல் ஹாஸ்டலில் வளர்ந்தவர். அங்கே இரண்டாம் தடவை யார் கேட்பார்கள்?

அதன் பிறகும் பதினைந்து நாள் இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். வீம்பு! மூன்று பேருக்கும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, மொட்டைமாடியில் ஏறி ஏறி வடக்கே பார்த்தேன். மலை மேல் மேகம் மூடிக்கிடந்தது.

திரும்பி வந்ததும் நண்பரின் சம்சாரம் ஒரு சீப்புப் பழத்தோடு வந்தாள். "அக்கா, அங்கன மேகம் கூடாரத்துக்குள்ளயே வருது. எம்புட்டு குளிரு! நீங்களும் வந்திருக்கணும்" என்றாள். அவள் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கணவர் பதறிப்போய்க் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அடப்பாவமே, வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்த லீவுக்கு நாம ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

அடுத்த லீவில் எனக்கு மசக்கை. அப்புறம் யுத்தம், அரிசிக்கும் சீமெண்ணெய்க்கும் ரேஷன், பிள்ளைகள் படிப்பு. அவரும் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார், கண்ணை மூடும் வரைக்கும்.

இப்போதெல்லாம் யார் எதற்குக் கூப்பிட்டாலும் முதல் தடவையே 'வாரேன்' என்று சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் சிரித்தாலும் சிரிக்கட்டும், அவர் கேட்டபோது சொல்லாததைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.