மணல்மேட்டுக்கு உடுத்திய துணி

மண்சரிவைத் தடுக்க மண்ணுக்குள் புதைந்து மறைந்துபோகும் துணியை விற்பது என் தொழில்; விளக்கி விளக்கியே தொண்டை வறண்ட விற்பனையாளர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

தடவிப் பார்த்த அக்கா

பத்து பெரிங்கி என்ற கடற்கரை ஊரில் லெட்சுமி அக்காவின் சாப்பாட்டுக் கடை கடலோர மணல்மேட்டின் மேல் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய அலைக்கும் மேடு கொஞ்சம் சரிந்தது. மேடு போனால் கடையும் போய்விடும்.

லிட்டில் இந்தியா கடைத்தெருவில் சேலை வாங்கிக்கொண்டு, அக்கா அப்படியே பிறை நகரிலுள்ள எங்கள் கிடங்குக்கு வந்தார். வெள்ளைத் துணிச் சுருள்கள் தூங்கும் மேகங்களைப் போல அடுக்கிக் கிடந்தன. ஒன்றைத் தடவி முகம் சுளித்தார். வழவழப்பானது வேண்டுமாம். அதில் மணல் வழுக்கிவிடும், சொரசொரப்பில்தான் சிக்கிக்கொண்டு நிற்கும் என்றேன்.

"சரி தம்பி, கட்டிக்கப் போறது நான் இல்ல லா."

ஒரு குவளை மணல்

கடையில் அக்காவின் கணவர் கண்ணன் அண்ணன், துணி மேட்டைத் தாங்கும் என்று நம்பவில்லை. ஈரமணலைக் குவளையில் அடைத்துக் கவிழ்த்தேன். உள்ளங்கையால் அழுத்தியதும் உதிர்ந்தது. மறுபடி, இடையிடையே வட்டமாக வெட்டிய துணியை வைத்து அடைத்துக் கவிழ்த்தேன். அழுத்தினேன், நின்றது. மணல் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும்போது துணி உராய்ந்து இழுத்துப் பிடிக்கிறது. அண்ணன் குனிந்து அந்தச் சின்னக் கோபுரத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பின்னால் கடல் மினுங்கியது.

"இது நம்ம குவே லாப்பிஸ் பலகாரம். அடுக்கு அடுக்கா இருந்தாத்தான் நிக்கும் போல."

மழைக்குப் போர்வை

சரிந்த மேட்டில் துணியை விரித்து, மணல் கொட்டி இடித்து, ஓரத்தை மேலே மடித்து, அடுத்த அடுக்கு போட்டோம். வேலை முடிந்து நான் கிளம்பியதும், நனையக்கூடாதென்று அண்ணன் மேட்டின் முகப்பு முழுவதும் பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கிக் கட்டிவிட்டார். மழை பெய்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் மேட்டை உள்ளிருந்து தள்ள, முகப்பு உப்பிவிட்டது. அக்கா போனில் கூப்பிட, ஓடிப்போய் விரிப்பைக் கிழித்தேன். தெளிந்த நீர் துணியின் வழியே மெல்லக் கசிந்தது. உப்பல் தணிந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"தண்ணிய விடுது, மண்ண விடல. தேத்தண்ணி வடிகட்டுற துணிய வச்சிக்கிட்டே எனக்கு இது தெரியல பாரு."

பெரிய அலை வந்த காலை

கடல் பொங்கிய காலையில் மூவரும் தேநீரோடு நின்றோம். அலை வந்து மேட்டின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டது. யாரையோ எழுப்பத் தயங்குவதுபோல நின்று, திரும்பிப்போனது. மேடு அப்படியே இருந்தது. அக்கா ஓரம்வரை நடந்துபோய்க் கீழே எட்டிப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இந்த ஓரத்துல இன்னும் ரெண்டு மேசை போடலாம் லா, தம்பி."

மணலைப் பிடித்து நிறுத்தும் துணி எங்களிடம் இருக்கிறது. லெட்சுமி அக்காவைப் பிடித்து நிறுத்தும் துணி இன்னும் கிடங்குக்கு வந்து சேரவில்லை.