அஸ்வினி சொன்ன பதினொன்று நாற்பத்திரண்டு

ஒரே வாரத்தில் ஒரு பெண்மீது மூன்று முறை புகார் கொடுத்தவள் நான். மூன்றும் தவறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து என்னைக் குத்திக்காட்ட வேண்டாம்.

என் பெயர் ஜானு. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், மூன்று மாடி ஃப்ளாட்டில், நானும் என் கணவர் வேதாந்தமும் இருக்கிறோம். முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தேன். யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. விடை சரியாகவே இருந்தாலும் எங்கேயாவது ஒரு அரை மார்க் குறைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அரை மார்க் ஜானு என்றே பெயர். தெரிந்துதான் இருந்தேன், கவலைப்படவில்லை.

அந்தப் பெண் அஸ்வினி. வயது முப்பத்தாறு. டிஷ் ஆன்டெனா மாட்டுவது தொழில். பட்டினப்பாக்கத்துக்காரி. அப்பா கடலுக்குப் போனவர், அம்மா கோவிந்தம்மா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறாள், கணவன் ஜான் ஆட்டோ ஓட்டுகிறான். பத்தொன்பது வயதில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு மழை நாளில் லைன்மேன் வரவில்லை, வாடிக்கையாளர்கள் போனில் திட்டித் தீர்த்தார்கள். காது வலி தாங்காமல் தானே மாடி ஏறி வயரைச் சரிசெய்துவிட்டு வந்தாளாம். அன்றைக்கு ஏறியவள் இன்றுவரை இறங்கவில்லை. கேபிள் போய் டிஷ் வந்தது, அதையும் கற்றுக்கொண்டாள். மந்தைவெளியிலிருந்து லஸ் வரைக்கும் அவள் கால் படாத மொட்டைமாடி குறைவு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆள் வரலையா?" போன வருஷம் எங்கள் டிஷ்ஷை மாட்ட அவள் வந்தபோது நானும் அதையேதான் கேட்டேன்.

"நான்தான் மாமி ஆளு," என்றாள்.

புகார் விவகாரம் நடந்தது இந்த நவராத்திரி சமயம், செப்டம்பர் இருபத்து நான்கு, புதன்கிழமை. வேதாந்தத்துக்கு ஒன்பது நாளும் காலை பதினொன்றரைக்கு டிவியில் வரும் நேரலைக் கச்சேரியைக் கேட்டாக வேண்டும். அது முடிந்துதான் சாப்பாடு. அன்று காலையிலிருந்தே படம் வரவில்லை. புகார் எண்ணுக்குப் போன் போட்டு, ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அது சொன்னபடியெல்லாம் அழுத்தினேன். சாயங்காலம் அஸ்வினி வந்தாள்.

மாடிக்குப் போனவள் டிஷ்ஷைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். டிஷ்ஷின் முன்னால் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதன் முனையில் ஒரு குமிழ் இருக்கும். அந்தக் கம்பி வளைந்து தொங்கியது.

"இன்னா மாமி, இது மேல துணி காயப் போட்டீங்களா?"

போட்டிருந்தேன். நவராத்திரி பூஜைக்கு மடிப்புடவை வேண்டும். மாடிக் கொடியில் போட்டால் எல்லார் வீட்டுத் துணியோடும் உரசும். டிஷ் இருக்கிற மூலைக்கு யாரும் போகமாட்டார்கள் என்று முதல் நாள் ஈரத்தோடு அந்தக் கம்பியில் போட்டுவிட்டேன். ஆனால் அவளிடம், "காத்துல வளைஞ்சிருக்கும்," என்றேன்.

அவள் கம்பியை நிமிர்த்தி, மீட்டரை வைத்துப் பார்த்து, டிஷ்ஷைத் திருப்பிப் படம் வரவைத்தாள். போகும்போது மட்டும், "பதினெட்டு மொழம் ஈரப் புடவய அது தாங்காது மாமி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் கச்சேரி நடுவில் படம் நின்றது. நாலைந்து நிமிஷத்தில் தானாக வந்தது. விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை மறுபடி போயிற்று, இந்தத் தடவை ஏழு நிமிஷம். "ஏண்டி ஜானு, பல்லவியை ஆரம்பிக்கறச்சே போயிடுத்து," என்று வேதாந்தம் புலம்ப, நான் இரண்டாவது புகாரைக் கொடுத்தேன். அஸ்வினி மூன்று மணிக்கு வந்தாள். படம் பளிச்சென்று இருந்தது. ஒயர் முனையை மாற்றிவிட்டு, படம் எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டுத் தன் டைரியில் எழுதிக்கொண்டாள். சனிக்கிழமை அதே நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் போயிற்று. எனக்கு வந்த கோபத்தில், சரியாக வேலை தெரியாத ஆளை அனுப்புகிறீர்கள் என்று மூன்றாவது புகாரில் சேர்த்தே சொன்னேன்.

ஒரே வீட்டிலிருந்து ஒரு வாரத்தில் ஒரே ஆள்மீது மூன்று புகார் வந்தால் அந்த ஆளின் ஐடியைப் பிளாக் செய்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஐடி போனால் அஸ்வினிக்கு வேலை வராது. பதினேழு வருஷம் ஏறிய மாடியெல்லாம் அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். ஒருத்தி அஸ்வினி. இன்னொருவர் தி.நகர் டீலர் ஆனந்தகுமார். அவருக்கு விற்பனைதான் தெரியும், டிஷ்ஷைப் பற்றி அதிகம் தெரியாது என்பது பேச்சிலேயே புரிந்தது. அஸ்வினியின் ஐடி கார்டு அவர் சட்டைப் பையில் இருந்தது.

"சாரி மேடம், வேற ஆளை வெச்சு சரி பண்ணிக் குடுக்கிறோம். இவங்களை எடுத்தாச்சு. கடைசியா ஒரே ஒரு தடவை பார்க்கணும்னு கெஞ்சினாங்க," என்றார்.

"கெஞ்சல சார். பதினொன்னரைக்கு வந்து பாருங்கன்னு சொன்னேன்," என்றாள் அஸ்வினி.

எனக்குச் சுருக்கென்றது. அவளை வேலையை விட்டு எடுக்கவா சொன்னேன்?

"மாமி, நீங்க சொன்ன நேரத்த என் பழைய டைரியோட வெச்சி கணக்கு போட்டேன். இன்னிக்கு பதினொன்னு நாப்பத்திரண்டுக்கு படம் போவும், அம்பத்திரண்டுக்கு வரும். டிஷ்ல ஒரு கோளாறும் இல்ல. சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னால வந்து நிக்குது. அது போடற எரைச்சல்ல சேட்டிலைட் பேச்சு நம்ம டிஷ்ஷுக்குக் கேக்கல. இந்தத் தெருவுல கீற அத்தினி டிஷ்லயும் போவும். மத்தவங்க அந்த நேரத்துல டிவி பாக்கறதில்ல, போன் பாக்கறாங்க."

"சேட்டிலைட் நகர்ந்திருக்கும், இவங்க சரியா திருப்பல," என்றார் ஆனந்தகுமார்.

எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துகொண்டாள். மாடிக்கு ஏறினோம். வேதாந்தம் கீழே டிவி முன்னால் போனும் கையுமாக உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு," என்றேன் அஸ்வினியிடம். "அந்த சேட்டிலைட் ஏன் கீழே விழலை?"

ஆனந்தகுமார் முந்திக்கொண்டார். "மேல கிராவிட்டி கிடையாது மேடம்."

"உங்களைக் கேக்கலை."

அஸ்வினி சிரிக்கவில்லை. "எங்க டிரெய்னிங்லயும் அப்டித்தான் சொன்னாங்க மாமி. நான் நம்பல. அமாவாசை, பௌர்ணமின்னா எங்க ஊட்டாண்ட கடல் ஏறி வரும். நெலா இழுக்குதுன்னு நைனா சொல்வாரு. நாலு லட்சம் கிலோமீட்டர்ல கீற நெலா நம்ம கடலை இழுக்குதுன்னா, பூமி நெலாவ இழுக்காதா? அவ்ளோ தூரம் போற இழுப்பு, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்ல கீற டப்பாவ மட்டும் வுட்டுடுமா?"

"இழுத்தா விழணுமே."

"வுழுந்துகினேதான் கீது." மாடியில் கிடந்த ஒரு ஜல்லியை எடுத்துக் காட்டினாள். "இத சும்மா வுட்டா காலடில வுழும். வீசினா தெருவுல வுழும். இன்னும் வேகமா வீசினா கடல்ல. பூமி உருண்டை மாமி. ஒரு வேகம் கீது. அந்த வேகத்துல போனா, அது எவ்ளோ கீழ வுழுதோ அவ்ளோ பூமியும் வளைஞ்சி கீழ போயிடும். அது வுழுந்துகினே கீது, தரை மட்டும் சிக்க மாட்டேங்குது. இழுப்பே இல்லன்னா நேரா போய்க்கினே இருக்கும், சுத்தி வராது."

"அப்படிச் சுத்தறது எப்படி ஒரே இடத்துல நிக்கும்? டிஷ் நகரவேயில்லையே?"

"அறுபத்துமூவர் அன்னிக்கு சாமி மாடவீதி சுத்தி வருதில்ல? குடை புடிக்கிறவரு கூடவே நடந்துகினே கீறாரு. ஆனா சாமி அண்ணாந்து பாத்தா குடை அங்கியே நிக்குது. பூமிக்கு ஒரு சுத்துக்கு ஒரு நாளு. அந்த சேட்டிலைட்டுக்கும் ஒரு சுத்துக்கு ஒரு நாளு. அதான் நமக்கு நிக்கிற மாதிரி தெரியுது."

இதே பாடத்தை வருஷத்துக்கு இரண்டு வகுப்பில், கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதி நடத்தியிருக்கிறேன். அந்த உயரத்தில் பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் நாற்பத்து நான்கில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். பூமி சூரியனைச் சுற்றுவதும் இதே விழுதல்தான் என்று கேள்வித்தாளில் கேட்டிருக்கிறேன். பூமி சாய்ந்தபடி சுற்றுவதால் செப்டம்பர் கடைசியில் ஒரு தடவையும் மார்ச் நடுவில் ஒரு தடவையும் சூரியன் அந்தத் துணைக்கோளின் நேர் பின்னால் வந்தே தீரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? என் வீட்டு மாடியில் அது நடந்தபோது போனை எடுத்து நான்கை அழுத்தியவள்தானே நான். வெட்கமாக இருந்தது. கூடவே, யார் பெற்ற பெண்ணோ, என் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராதவள், அவளை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

"கொலுல குளம் வெச்சிருக்கீங்களே, அந்தக் கண்ணாடிய கொஞ்சம் தரீங்களா?" என்று கேட்டாள்.

குளத்தில் மிதந்த பிளாஸ்டிக் வாத்துகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கை அகலக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி, நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் விட்டாள். அதை டிஷ்ஷின் நடுவில் ஒட்டினாள். கம்பி முனையில் இருந்த குமிழுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையைப் பிடித்தாள். கண்ணாடியில் பட்ட வெயில், அட்டையில் வெள்ளை வட்டமாக விழுந்தது.

"டிஷ்ஷு சேட்டிலைட்டைப் பாக்குது. அங்கேர்ந்து வரதெல்லாம் இந்தக் குமிழ்லதான் வந்து வுழும். சூரியனும் அதே எடத்துக்கு வந்தா, இந்த வெளிச்சமும் குமிழ்ல வந்து வுழணும். வட்டம் முழுசா குமிழுக்குள்ள போனதும் படம் போவும், பாத்துகினே இருங்க."

உச்சி வெயில். மூன்று பேரும் ஒரு வெளிச்ச வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது நகர்வதே தெரியவில்லை, ஆனால் நகர்ந்தது. முதலில் குமிழின் ஓரத்தைத் தொட்டது. பாதி ஏறியது. ஆனந்தகுமார் செல்போனில் மணி பார்த்தார். வட்டம் முழுசாக உள்ளே போனது. பதினொன்று நாற்பத்திரண்டு.

என் போனில் வேதாந்தத்தின் குரல் கேட்டது. "ஜானு, போயிடுத்துடி."

அஸ்வினி பெருமூச்சு மட்டும் விட்டாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பத்து நிமிஷம் யாரும் நகரவில்லை. வட்டம் குமிழின் மறுபக்கத்து ஓரத்தை எட்டியபோது, "வந்துடுத்து, தனியாவர்த்தனம் போயிண்டிருக்கு," என்றார் வேதாந்தம்.

ஆனந்தகுமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா, ரெண்டு புகார் சூரியனால. முதல் புகார் இருக்கே. கம்பி வளைஞ்சது உன் ஃபிட்டிங் சரியில்லாம தானே? நீயே ரிப்போர்ட்ல 'காத்துல வளைஞ்சது'ன்னு எழுதியிருக்க. ஒழுங்கா மாட்டியிருந்தா காத்துக்கு வளையுமா?"

அஸ்வினி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்ன பொய்யை அப்படியே எழுதி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் அப்படி எழுதினே?" என்று கேட்டேன்.

"மடித்துணிய வேற எங்க போடுவீங்க மாமி," என்றாள்.

"ஆனந்தகுமார், அந்தப் புகாரைத் திருத்தணும். அந்தக் கம்பியில ஈரப்புடவையைக் காயப்போட்டது நான். அவகிட்டே காத்துன்னு பொய் சொன்னதும் நான்."

அவர் செல்போனில் தேடினார். "மேடம், இதுல மூணே காரணம்தான் இருக்கு. கருவிக் கோளாறு, ஊழியர் தவறு, வாடிக்கையாளர் தவறு. சூரியன்னு ஒண்ணும் இல்ல."

"வாடிக்கையாளர் தவறுன்னு போடுங்கோ. மூணுக்கும். என் பேரை முழுசா போடுங்கோ. முப்பத்தோரு வருஷம் பிசிக்ஸ் டீச்சர்ங்கிறதையும் சேர்த்துப் போடுங்கோ."

அவர் போட்டார். பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். அஸ்வினி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியிலிருந்து டேப்பைப் பிரித்துத் துடைத்து என்னிடம் கொடுத்தாள். வாத்துகளைக் குளத்தில் மறுபடி அவளே வைத்தாள். வெற்றிலை பாக்கு, சுண்டல், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்துக் கொடுத்தேன். அந்த நவராத்திரியில் என் வீட்டுக்கு வந்தவர்களில் நான் எழுந்து நின்று கொடுத்தது அவளுக்குத்தான்.

மார்ச் மாதம் பத்தாம் தேதி எங்கள் ஃப்ளாட் லிஃப்ட் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அஸ்வினியின் கையெழுத்து. 'நாளை முதல் பதினெட்டாம் தேதி வரை, பகல் பன்னிரண்டு மணியை ஒட்டிச் சில நிமிடம் டிவி நிற்கும். பதினான்காம் தேதி சனிக்கிழமை சரியாகப் பன்னிரண்டுக்குப் போய் பன்னிரண்டு பத்துக்கு வரும். சூரியன்தான் காரணம். யாரும் புகார் கொடுக்க வேண்டாம்.'

சனிக்கிழமை அவளை வரச் சொன்னேன். ஃப்ளாட்டில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்கள். வேதாந்தம் சுவர்க் கடிகாரத்தின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படம் போயிற்று. கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்தொன்பது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய், அந்தக் காகிதத்தில் ஒன்பதரை என்று போட்டேன்.

அஸ்வினி பின்னாலேயே வந்து நின்றாள். "இன்னா மாமி, அரை மார்க் கொறையுது?"

"ஒரு நிமிஷம் முன்னாடியே போயிடுத்தே."

"உங்க ஊட்டு கடியாரம் ஒரு நிமிசம் ஸ்லோ. நவராத்திரிக்கு வந்தப்பவே பாத்தேன்."

உள்ளே போய் வேதாந்தத்தின் போனில் பார்த்தேன். ஸ்லோதான். திரும்பி வந்து ஒன்பதரையை அடித்துவிட்டு, பத்துக்குப் பத்து என்று எழுதி, கீழே என் பெயரைக் கையெழுத்துப் போட்டேன்.