கடலூர் மருமகளும் கிள்ளை மாமியாரும்

2006இல் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் ஊர்க் காற்றே எனக்கு எதிராக நின்றது.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர். பெரும்பாலும் கடலிலிருந்துதான் காற்று வரும். சில நாட்களில் மட்டும் தெற்கே கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் பக்கமிருந்து அடிக்கும். அப்போது அழுகிய முட்டைபோல ஒரு நாற்றம் தெருவை விட்டு நகராது. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. சிதம்பரத்திலிருந்து வந்தவர்களுக்கு எப்படிப் பழகும்?

மாப்பிள்ளையின் அத்தை, அதாவது என் மாமனாரின் அக்கா, கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுல எப்படிங்க குடியிருக்கறீங்க? எங்க ஊர்ல காலையில எழுந்தா கோயில் மணிச் சத்தமும் சாம்பிராணி வாசனையுந்தான்."

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "உங்க ஊர்ல கொசு ஜாஸ்தின்னு கேள்வி. ஒரு மழை பெஞ்சா தெருவெல்லாம் முழங்கால் தண்ணியாமே?"

அம்மா சமையலறை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். அப்பா பார்க்கவில்லை. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு மேல்துண்டைச் சரிசெய்தார். கிளம்பப் போகிறார்கள் என்றே நினைத்தேன். காபித் தட்டோடு நின்றிருந்த எனக்கு, அதை எங்கே வைப்பதென்றுகூடத் தெரியவில்லை.

அதுவரை ஒரு வார்த்தை பேசாதிருந்த மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணி, நான் கிள்ளைக்காரி. கல்யாணமாகி வந்த அன்னிக்கு என் பொட்டியத் தொறந்து பாத்துட்டு, கருவாட்டு நாத்தம் அடிக்குதுன்னு சொன்னீங்க. அதுக்குள்ள புதுப் பொடவைங்கதான் இருந்துச்சு. இப்ப இவுங்க ஊரா? நாம பொண்ணப் பாக்க வந்திருக்கோம். காத்தப் பாக்க வரல."

அவர் என் பக்கம் திரும்பி, "காபி நல்லாருக்கும்மா. எனக்கு இன்னும் அர டம்ளர் குடு" என்றார்.

அந்த அரை டம்ளர் காபியில்தான் என் கல்யாணம் முடிவானது என்று இன்றும் நினைக்கிறேன். தன் அம்மா அத்தையை எதிர்த்துப் பேசி அதற்கு முன் கேட்டதே இல்லை என்று கல்யாணத்துக்குப் பிறகு கணவர் சொன்னார். அந்த வீட்டில் மாமியார் தன் ஊரின் பெயரையே எடுப்பதில்லையாம். யாராவது பிறந்த ஊரைக் கேட்டால், "பிச்சாவரம் பக்கம்" என்பாராம். பிச்சாவரம் என்றால் படகு சவாரிக்கு ஆட்கள் வரும் இடம். கிள்ளை என்றால் மீன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சிதம்பரத்தில் எனக்கு முதல் சில மாதங்கள் மூச்சு முட்டியது. கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளோடு உலகம் முடிந்துவிட்டதுபோல எல்லோரும் பேசினார்கள். கத்தரிக்காய் கொத்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தெரு திரும்பினால் கடல் தெரியாத ஊரில், மனத்தை எந்தப் பக்கம் அனுப்புவது? நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் கவனித்திருக்கிறார்.

ஒருநாள் மாமனார் கடைக்குக் கிளம்பியதும், "பொடவைய மாத்திக்க. என் தம்பியப் பாத்துட்டு வரலாம்" என்றார். கிள்ளை வழியாகப் போகும் பிச்சாவரம் பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார். வயல்கள் முடிந்து உப்பங்கழி தெரியத் தொடங்கியதும், பக்கத்தில் இருந்தவரின் குரலே மாறிவிட்டது. இது எங்கள் பள்ளிக்கூடம், இந்தத் திருப்பத்தில்தான் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சத்தமாகக் காட்டிக்கொண்டே வந்தார்.

அவருடைய தம்பி வீட்டில் நண்டுக் குழம்பு. சுனாமி வந்து போய் ரொம்ப வருஷம் ஆகியிருக்கவில்லை. தெருக்கோடியில் இடிந்த சுவர்கள் அப்படியே நின்றன. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இவ்ளோ நடந்த பிறகும் இந்த ஊர விட மனசு வரலியா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"விட்டுட்டு எங்கம்மா போறது? சிதம்பரத்துக்கா? அங்க மொட்ட மாடிக்கு ஏறினா பக்கத்து வீட்டு மொட்ட மாடிதான தெரியும்."

"கடலூருக்கு வாங்களேன்."

"அங்க வந்து மூக்க எங்க வெச்சுக்கறது?"

மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்கும் நாளில் என்னைக் குன்ற வைத்த அதே பேச்சு, அன்று நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டே கேட்டபோது துளியும் வலிக்கவில்லை. திரும்பும் வழியில் அவர், "உனக்கு எப்பத் தோணுதோ சொல்லு, வரலாம்" என்றார். அதன் பிறகு அடிக்கடி போனோம். மாமனாருக்கு இது தெரிந்துதான் இருந்தது. ஒருமுறை அவரே, "உன் தம்பிய இறால் வாங்கி வைக்கச் சொல்லு" என்றார்.

2012இல் கணவருக்குக் கடலூருக்கு மாற்றல் வந்தது. அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடிவந்தோம். வந்த வாரமே எதிர்வீட்டு அக்கா, "சிதம்பரமா? அங்க பொழுது சாஞ்சா ஊரே படுத்துடுமே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மார்கழியில் நான்கு வீதியிலும் போடும் கோலத்தைப் பற்றியும், கொத்சைப் பற்றியும் நான் மூச்சுவிடாமல் பேசினேன். உள்ளே கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமியார் முதல்முறையாக எங்களைப் பார்க்கத் தனியாக பஸ் ஏறி வந்தார். அப்பா துறைமுகத்திலிருந்து நண்டு வாங்கிவந்து கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எப்படி சம்பந்தி எங்க ஊரு நண்டு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க கிள்ளை நண்டுல சதை ஜாஸ்தி."

"அதெப்படிங்க? இது ஆழ்கடல் நண்டு!"

"ஆழ்கடலா இருந்தா என்னங்க? எங்களுது கழியில வளருது. சேத்து ருசி தனி."

அப்பா விடவில்லை, அவரும் விடவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அந்தச் சிதம்பரம் வீட்டில் தன் ஊரின் பெயரைக்கூடச் சொல்லாமல் வாழ்ந்தவர், எங்கள் வீட்டுக் கூடத்தில் குரலை உயர்த்தி, கையை நீட்டி வாதாடினார். நான் இருவர் தட்டிலும் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.