தகடு வைத்த போட்டு

கடலை நான் என் வாழ்நாளில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போனபோது. அப்படிப்பட்ட ஆள் தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு படகு ரிப்பேர், எங்கள் பேச்சில் போட்டு ரிப்பேர், செய்து பிழைக்கிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் மனைவியே சிரிப்பாள். "தொட்டி ரொம்பனாலே பயப்புட்ற ஆளு, போட்டு மெக்கானிக்காம்!" என்று சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள். எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும்.

நந்திதுர்க் பக்கம் தங்கச் சுரங்கத்தில், மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன் நான். வேலை முழுசாகக் கைக்கு வருவதற்குள் மைன்ஸை மூடிவிட்டார்கள். கூட இருந்தவர்கள் எல்லாம் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு ஓட ஆரம்பித்தார்கள். எனக்கு எவனுக்கும் சல்யூட் அடிக்க வராது. பழைய லக்கேஜ் ஆட்டோ ஒன்றைப் பிடித்து வெல்டிங் செட், ஜெனரேட்டர், ட்ரில்லிங் மெஷின், பாரம் இழுக்கும் செயின் பிளாக் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். முதலில் பம்புசெட்டு. பிறகு ஏரிகளில் மீன் குத்தகை எடுத்தவர்களின் போட்டுகள். கூப்பிட்ட இடத்துக்கு வண்டியோடு போய் நிற்கிற போட்டு மெக்கானிக் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது வாயைத் திறந்தால் சாமானைத் தூக்கி ஆட்டோவில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். அப்படி நாலைந்து ஏரிக்கரையில் செய்திருக்கிறேன்.

பேத்தமங்களா ஏரி பல வருஷம் வற்றிக் கிடந்துவிட்டு, ஒரு மழைக்காலத்தில் நிரம்பியது. ஊரே போய் வேடிக்கை பார்த்தது, செல்ஃபி எடுத்தது. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மேட்டில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. அவர்களுடைய மண்ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. ஆடு மாடும் ராகிக் காடும் மேட்டில் இருக்க, எங்கே எழுந்து போவது? நாலு பக்கமும் தண்ணீரோடு அங்கேயே இருந்துவிட்டார்கள். எங்கிருந்தோ கழித்துப்போட்ட பழைய ஃபைபர் போட்டு ஒன்று அவர்களுக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் போவது, பால் கேன், அரிசி, நோயாளி, எல்லாம் அதில்தான்.

அந்த மேட்டில் ஒரு அக்கா இருந்தாள். என் சொந்த அக்கா இல்லை. ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்து அங்கே வாழ்க்கைப்பட்டவள். மைன்ஸ் லைனில் வளர்ந்த பேச்சைக் கேட்டாலே எனக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் நான் ஆட்டோவைக் கரையில் நிறுத்திவிட்டு மோட்டார் பார்க்கப் போனபோதே, "இன்னா தம்பி, எந்த லைன்ல பொறந்த? மூஞ்சிய ஏன் இப்பிடி வெச்சிகினு கீற? மொதல்ல சாப்புடு" என்றாள். அவள் புருஷன்தான் போட்டை ஓட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு, பெண்டாட்டியிடம் தமிழ். அவளை அக்கா என்றதால் அவரை மாமா என்றேன். அவர் என்னை மேஸ்திரி என்பார்.

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். காலையில் போட்டில் கரைக்கு வந்து, பஸ் ஏறி, மிஷினில் நாலு மணி நேரம் படுத்து, சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஆண்டர்சன்பேட்டையில் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிடலாமே என்று கேட்டேன். "ஒரே ரூமு தம்பி. அதுல ஆறு பேரு. நான் எத்தினி நாளைக்கி அவங்க காலடியில படுத்துகினு கெடக்கறது?" என்றாள். ஆக, அந்தப் போட்டு ஓடினால்தான் அவளுக்கு உயிர். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை.

தண்ணீருக்கு அடியில் பழைய வேலிக் கல்கால்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. ஒருநாள் போட்டின் அடி அதில் மோதி முழ நீளத்துக்கு விரிந்துவிட்டது. போன் வந்ததும் ஓடினேன். ஃபைபர் போட்டுக்கு இரண்டு தோல். அடித்தோல் ஒன்று, நாம் கால் வைக்கும் தளம் ஒன்று. நடுவில் கெட்டியான ஃபோம் அடைத்திருப்பார்கள். அதுதான் போட்டை மிதக்க வைப்பது. விரிசலுக்கு முறையான வைத்தியம் சுரண்டி, காய வைத்து, ஃபைபர் துணியும் ரெசின் பசையும் போட்டு ஒட்டுவது. அதற்கு நல்ல வெயிலில் மூன்று நாள் வேண்டும். அக்காவின் டயாலிசிஸ் மறுநாள்.

மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் தொட்டி ஒழுகினால் என்ன செய்வோம்? ரப்பர் ஷீட் வைத்து, மேலே இரும்புத் தகடு வைத்து, போல்ட்டு போட்டு, ஸ்பேனர் கெஞ்சும்வரை முறுக்குவோம். பிறகு உள்பக்கம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஒரு ஷிஃப்ட் விட்டுவிடுவோம். அடுத்த ஷிஃப்டில் வந்து பார்க்கும்போது சாக்பீஸ் வெள்ளையாகவே இருந்தால் வேலை பாஸ். நனைந்து கறுத்திருந்தால் ஃபெயில். எனக்கு இன்றைக்கும் கடவுளைவிட சாக்பீஸ் மேல் நம்பிக்கை அதிகம். அதையே அந்தப் போட்டுக்கும் செய்தேன். அடியிலிருந்து தளம் வரைக்கும் ஊடுருவி பன்னிரண்டு ஓட்டை போட்டு, தகடு வைத்து, பன்னிரண்டு போல்ட்டையும் முறுக்கினேன். முறுக்கும்போது ஃபைபர் லேசாக முனகியது. இரும்பு என்றால் முனகட்டும். இது இரும்பில்லையே என்று அந்த நேரம் என் மண்டையில் ஏறவே இல்லை.

சாக்பீஸ் தேய்த்து, சாயங்காலம் வரை தண்ணீரில் விட்டோம். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. மேட்டு ஜனங்கள் கை தட்டினார்கள். அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். "என் தம்பி கை பட்டா கல்லுகூட மெதக்கும்!" என்றாள். மறுநாள் டயாலிசிஸுக்குப் போய் வந்தாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மூன்று வாரம் கழித்து மோட்டார் சர்வீஸுக்குப் போனேன். மாமா தலையைச் சொறிந்துகொண்டே, "மேஸ்திரி, போட்டு கொஞ்சம் கனம் ஏறுன மாதிரி கீது. முன்ன மாதிரி எழும்பல" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். வழக்கமாகத் தண்ணீருக்கு மேலே தெரியும் பச்சைப் பெயிண்ட் கோடு வரை தண்ணீர் ஏறியிருந்தது. தளம் காய்ந்து கிடந்தது. தளம் காய்ந்திருந்தால் எங்கே ஒழுகல்? "பாசி புடிச்சிருக்கும், தேய்ச்சி வுடுங்க" என்றேன்.

அக்கா விடவில்லை. "இல்ல தம்பி, நான் ஒக்கார்ற எடத்துக்கு நேரா, அந்தத் தகடு ஓரமா, சின்னச் சின்னதா காத்து முட்டை வுடுது தண்ணியில. ஒரு தடவ கயட்டிப் பாரேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீ ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டருக்கு ஊசி போடக் கத்துக் குடுப்பியா? மெக்கானிக் நானா நீயா? புடிக்கலன்னா வேற ஆள கூப்டுக்கோங்க. நான் இந்தப் பக்கம் தல வெச்சிகூடப் படுக்க மாட்டேன்" என்று ஸ்பேனரைத் தளத்தில் வீசினேன். மாமா குனிந்து அதை எடுத்து, துணியில் துடைத்து என் கையில் கொடுத்தார். அக்கா சிரித்தாள். "ஐயே, இவன் கோவத்தப் பாரு! சரி சாமி, நீதான் மெக்கானிக்கு. வா, சாப்புடு" என்றாள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு இறங்கியதே, அதைச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். போட்டைப் பற்றி அவர்கள் எதுவும் பேசவில்லை. பச்சைக் கோடு தண்ணீருக்குள் மறைந்திருந்தது. ஆள் குறைத்து ஏற்றுகிறோம் என்றார் மாமா. நல்லது என்றேன். அடுத்த மழையில் ஒரு காலையில் போன் வந்தது. கயிற்றில் கட்டிய இடத்திலேயே போட்டு முழுகிக் கிடக்கிறது, மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது. யாரும் அதில் இல்லை. ஆனால் அன்றைக்கு அக்காவுக்கு டயாலிசிஸ்.

எதிர்க்கரை மீன்காரர்களின் பரிசலில் ஏறி, செயின் பிளாக்கோடு மேட்டுக்குப் போனேன். மாட்டி இழுத்தோம். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. அந்தப் போட்டை முன்பெல்லாம் நாலு பேர் தூக்கிக் கரையில் வைப்பார்கள். ஒருவழியாகக் கரையேற்றி, அடியில் ட்ரில் வைத்து ஒரு ஓட்டை போட்டேன். தண்ணீர் பீறிட்டது. மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தேன், இன்னும் வந்துகொண்டே இருந்தது. நான் முறுக்கிய வேகத்தில் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் ஃபைபர் நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தது. அது வழியாகத் தண்ணீர் இரண்டு தோலுக்கும் நடுவே புகுந்து, ஃபோம் முழுக்க ஊறி, தளத்துக்கு ஒரு சொட்டுகூட வராமல் உள்ளேயே தங்கிவிட்டது. சாக்பீஸ் பொய் சொல்லவில்லை. கேட்கக் கூடாத இடத்தில் நான் கேட்டிருக்கிறேன்.

"இன்னா மேஸ்திரி, இன்னா ஆச்சி?" என்றார் மாமா.

"ஃபோம் பழசு மாமா. அதான் ஊறிப்போச்சி" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

தளத்தை அறுத்து ஊறிய ஃபோமைப் பிய்த்து எறிந்தேன். காலி எண்ணெய்க் கேன்களை மூடி அடைத்து அந்த இடத்தில் வைத்து, ஃபைபர் துணி போட்டு ரெசின் பூசினேன். ஈரக் காற்றில் ரெசின் இறுகவே இல்லை, பிசுபிசுவென்று கையோடு வந்தது. தார்ப்பாய் கட்டினேன், பல்பு தொங்கவிட்டேன், அடுப்புக் கரியைத் தட்டில் வைத்துக் காட்டினேன். மழை விட்டபாடில்லை. முதல் நாள் போட்டு முழுகிய கலவரத்தில் நேரம் தப்பி ஒரு டயாலிசிஸ் போனது. அடுத்த முறைக்குப் பரிசல் கொண்டுவந்தார்கள். நீர் கோத்து வீங்கிய காலை மடக்கி அவளால் அதற்குள் உட்கார முடியவில்லை. பாதித் தூரத்தில் காற்று சுழற்றியது. பயந்துபோய்த் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்கா என் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் வந்து உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது. "அவசரப்படாத தம்பி. நெதானமா செய்யி" என்றாள். என்னால் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. கட்டிலோடு அவளைப் பரிசலில் வைத்து, நாலு பேர் கழுத்தளவுத் தண்ணீரில் பிடித்துக்கொண்டே முங்கின ரோட்டின் மேலாக நடந்து கரை சேர்த்தார்கள். நான் ஆட்டோவில் இருந்த சாமானையெல்லாம் கரையில் தள்ளிவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். மிஷினில் போடத்தான் போட்டார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றார் டாக்டர். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் வெயில் அடித்தது. போட்டில் ரெசின் கல்லாக இறுகியிருந்தது என்று யாரோ வந்து சொன்னார்கள்.

வீட்டில் சோறு பிடிக்கவில்லை. மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம். யார் வந்து போல்ட்டு ஓட்டையைச் சோதிக்கப் போகிறார்கள்? சொன்னால் மட்டும் செத்தவள் வரப்போகிறாளா? ஆனால் பொய்யைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சாப்பிட என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த மனிதர் என்னை நாலு அறை அறைந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

காரியம் முடிந்து, என்னைக் கரைக்குக் கொண்டுவிட மாமா போட்டை அவிழ்த்தார். அங்கே வைத்துச் சொன்னேன். "மாமா, ஃபோம் பழசாவல. நான் போட்ட ஓட்டை வழியாத்தான் தண்ணி ஏறிச்சி. தகடு வெச்சதே தப்பு. அக்கா சொன்ன அன்னிக்கே கயட்டிப் பாத்திருந்தா காயவெச்சிருக்கலாம். நான்தான் அவள..."

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "தெரியும் மேஸ்திரி" என்றார். "அவளுக்குத்தான் மொதல்ல தெரியும். வாரத்துல ரெண்டு நாளும் அந்தத் தகட்டுகிட்டதானே ஒக்காந்துகினு போனா. உங்ககிட்ட இன்னொரு தடவ சொல்றேன்னு நான் சொன்னேன். அவதான் கம்முனு இருன்னுட்டா."

"ஏன் மாமா?"

"நீங்க கோச்சிகினு போயிட்டா, இந்த மேட்டுக்கு வேற யாரு வருவாங்கன்னு கேட்டா அவ."

போட்டைத் தண்ணீரில் தள்ளி, நான் ஏறுவதற்காக விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.